இரண்டு அங்குலச் சுவர்

சாமியாவுக்கு ஈரச் சிமென்டின் வாசனை பிடிக்கும். அரிமளம் சாலையில் அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா காஜா மைதீன் நடத்திய உறைப் பட்டறையில் வளர்ந்தவள் அவள். கிணற்று உறைகளும் வேலிக்கால்களும் அடுக்கியிருக்கும் இடத்தில் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடப் பாடம் படித்தாள். அந்த வாசனையைத் தவிர மற்ற வாடை எதுவும் அவளுக்கு ஆகாது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் மீன் பையை மடியில் வைத்திருந்தால் எழுந்து நின்றுகொண்டே வருவாள். வீட்டில் முட்டை ஊற்றிய பாத்திரத்தைத் தொட மாட்டாள். முப்பது வயது தாண்டியும் இது போகவில்லை. கைப்பையில் அத்தர் தொட்ட கைக்குட்டை எப்போதும் இருக்கும்.

திருச்சியில் சிவில் இன்ஜினியரிங் முடித்துத் திரும்பியபோது ஒரு மூட்டை கண்ணாடி இழையோடு வந்தாள். தலைமுடி போல மெல்லிதாக, விரற்கடை நீளத்துக்கு வெட்டிய வெள்ளை இழைகள். இதைக் கலவையில் சேர்த்தால் கம்பி கட்டாமலே மெல்லிய சுவர் நிற்கும் என்றாள். காஜா மைதீன் சிரித்தார். அவள் ஒரு பலகை வார்த்து, காய்ந்த பிறகு இரண்டு கல்லின் மேல் வைத்து, அதன்மேல் தன் ஸ்கூட்டரை ஏற்றி நிறுத்தினாள். பலகை வளைந்தது, விரிசல் விட்டது, ஆனால் உடைந்து விழவில்லை. விரிசலின் இரண்டு பக்கத்தையும் இழைகள் பிடித்துக்கொண்டிருந்தன.

"இனிமே கம்பிக் கடைக்காரன் ஒன்னய சும்மா விடமாட்டான்," என்றார் அத்தா. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

முதலில் தண்ணீர்த் தொட்டிகள் வார்த்தார்கள். இரண்டு அங்குலச் சுவர்தான். நாலு ஆள் தூக்கி லோடு ஆட்டோவில் ஏற்றிவிடலாம். அதன் பிறகுதான் எருத் தொட்டியைப் பற்றி யோசித்தாள். கல்யாண மண்டபங்களுக்குப் பின்னால் மலை மலையாகக் கிடக்கும் எச்சில் இலையும், அதைக் கிளறும் நாய்களும் மாடுகளும் அவளுக்குக் குமட்டலைக் கொடுத்தன. அது கண்ணில் படக்கூடாது, மூக்கில் ஏறக்கூடாது. அந்த அருவருப்பிலிருந்துதான் அந்தத் தொட்டி பிறந்தது.

இரண்டு ஆள் உயரம். வட்ட வடிவம். அடியில் துளை போட்ட குழாய்கள், அவற்றின் வழியே காற்றை ஊதுவதற்கு ஒரு சின்ன மோட்டார். மேலே மூடி போட்ட வாய் வழியாக இலைக் கழிவைப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் அதன்மேல் காய்ந்த தென்னை நார்க்கழிவைத் தூவ வேண்டும். உள்ளே தானாகச் சூடேறி, மக்கி, கீழே இருக்கும் இரும்புக் கதவைத் தூக்கினால் கறுப்பாக எரு வந்து விழும். பட்டறையிலேயே ஒன்று வைத்துப் பார்த்தாள். வந்து விழுந்த எருவை அத்தா கையில் அள்ளி, "மழ பேஞ்ச கொல்லை மாதிரி இருக்கும்மா," என்றார். சாமியா குனிந்து மோந்து பார்த்தாள். உண்மைதான்.

முதல் பெரிய தொட்டியைத் திருமயத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கல்யாண மகாலுக்கு வைத்துக் கொடுத்தாள். மகாலின் சொந்தக்காரர் தனலட்சுமி ஆச்சி சென்னையில் இருந்தார். விசேஷம் என்றால்தான் ஊருக்கு வருவார். இங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் மேனேஜர் சேரன். எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை, சிரித்த முகம், இரண்டு போன்.

"சூப்பர் மேடம். குப்பை வண்டிக்காரங்ககிட்ட இனி கெஞ்ச வேண்டாம்," என்றார் அவர்.

சாமியா அவருக்கும் சமையல்கட்டு ஆட்களுக்கும் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். இலை, சோறு, காய்கறித் தோல் மட்டும். தண்ணியாக எதையும் ஊற்றக்கூடாது. மோட்டாரை நிறுத்தக்கூடாது. தொடக்கத்தில் இரண்டு தடவை போய்ப் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் போனில் கேட்பதோடு நிறுத்திக்கொண்டாள். "எல்லாம் ஓகே மேடம்" என்று சேரன் சொல்லும்போது அவளுக்கும் நிம்மதியாக இருந்தது. போய் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டிய வேலை மிச்சம்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் மத்தியானம் சேரனிடமிருந்து போன் வந்தது. இந்தத் தடவை குரலில் சிரிப்பு இல்லை.

"மேடம், ஒங்க தொட்டி எங்க மானத்த வாங்குது. சாயங்காலம் ரிசப்ஷன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர ஆரம்பிச்சிட்டாங்க. டைனிங் ஹால்ல நிக்க முடியல. ஒடனே வாங்க."

அவள் ஸ்கூட்டரை எடுத்தாள். மகாலின் அலங்கார வளைவைத் தாண்டும்போதே அது வந்து முகத்தில் அறைந்தது. அழுகிய முட்டை, புளித்த சோறு, செத்த எலி எல்லாவற்றையும் சேர்த்துக் காய்ச்சியது போன்ற நாற்றம். வாசலில் ரோஜா இதழ் தட்டோடு நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்கள். சாமியா கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு பின்பக்கம் போனாள்.

தொட்டி சமையல்கட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் நின்றது. வெளிச்சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. மூடியின் ஓரத்திலிருந்து பழுப்பு நுரை வழிந்து, சுவரில் கோடு கோடாக இறங்கிக் காய்ந்திருந்தது. அந்தக் கோடுகளில் வெள்ளைப் புழுக்கள் ஏறிக்கொண்டும் விழுந்துகொண்டும் இருந்தன. கீழே ஈக்கள் தரை தெரியாமல் மொய்த்தன. அவள் கொடுத்த நார்க்கழிவு மூட்டைகள் வாய் பிரிக்காமல் ஒரு மூலையில் கிடந்தன. மோட்டாரின் ஒயர் பிடுங்கிச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

"மோட்டாரை ஏன் நிறுத்துனீங்க?"

"மேளக்காரங்களுக்கு அந்தச் சத்தம் எடைஞ்சலா இருந்துச்சு மேடம். அப்பப்ப ஆஃப் பண்ணோம். அப்புறம் பசங்க போட மறந்துட்டாங்க."

"தண்ணியா ஏதும் ஊத்துனீங்களா?"

சேரன் சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார். "மிச்ச சாம்பார், ரசம், பாயசம். வேற எங்க ஊத்துறது? ஓடைல ஊத்துனா ஊர்க்காரன் சண்டைக்கு வாரான்."

சாமியா இரும்பு ஏணியில் ஏறி மூடியைத் தள்ளினாள். கண் எரிந்தது. உள்ளே வாயிலிருந்து இரண்டு முழம் கீழே சாம்பல் நிறக் கூழ் நின்றது. கொதிப்பது போல் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. ஐஸ்கிரீம் கப், தெர்மகோல் தட்டு, குழந்தைகளின் டயப்பர், மாலைகள், பிராந்தி பாட்டில். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பூனை வயிறு உப்பி, நாலு காலும் விறைத்து மிதந்தது. மூடி திறந்திருந்தபோது எட்டிப் பார்க்க வந்து மயங்கி விழுந்திருக்க வேண்டும். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

கீழ்க் கதவைத் தூக்க ஏற்கெனவே முயன்றிருந்தார்கள். உள்ளே துணியும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டதில் கைப்பிடிதான் வளைந்து போயிருந்தது. காலையிலேயே கழிவுநீர் லாரியை வரவழைத்து உறிஞ்சிப் பார்த்ததாகவும், குழாயில் இலை நரம்பும் துணியும் சிக்கி அடைத்துப் போனதாகவும், லாரிக்காரர் திட்டிவிட்டுப் போய்விட்டதாகவும் சேரன் சொன்னார்.

"அதான் ஆள் சொல்லிட்டேன்," என்றார்.

காம்பவுண்டு சுவரின் நிழலில் ஒருவர் குந்தியிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சட்டையைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தார். இடுப்பில் ஒரு துண்டு, கையில் கயிறு, பக்கத்தில் வாளி. பெயர் நாகராசு. திருவரங்குளம் பக்கத்திலிருந்து வந்தவர். கழிவறைத் தொட்டி அடைத்துக்கொண்டால் சுற்று வட்டாரத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"எதுக்கு ஆளு?" என்றாள் சாமியா. கேட்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உள்ள எறங்கி முங்கி அந்தக் கதவ அடைச்சிருக்கறத எடுத்துவிட்டா முடிஞ்சிடும் மேடம். பத்து நிமிஷ வேலை."

"பூனை செத்து மெதக்குதுங்க. உள்ள வெஷவாயு நிக்குது. எறங்குன ஆளு திரும்ப வரமாட்டாரு. அதோட ஆளை எறக்குறது சட்டப்படி குத்தம்."

"அது செப்டிக் டேங்குக்கு மேடம். இது குப்பைத் தொட்டிதானே? இதுல என்ன பீயா இருக்கு, நாம தின்ன சாப்பாடுதானே?" சேரன் பொறுமையாக விளக்கினார். பிறகு தொட்டியின் மேல் வாயைக் காட்டினார். "நீங்களே உள்பக்கம் படி வச்சுத்தானே குடுத்திருக்கீங்க? ஆளு எறங்கத்தானே வச்சீங்க?"

அவர் சொன்னது வாஸ்தவம். தொட்டியின் உள்சுவரில் மேலிருந்து அடிவரை வளைந்த கம்பிப் படிகளைப் பதித்தவள் அவள்தான். தண்ணீர்த் தொட்டிக்கு எல்லோரும் வைப்பார்கள். அந்த வரைபடத்தை எடுத்து இதற்கும் அப்படியே போட்டுவிட்டாள். அந்தப் படியில் யார் கால் வைப்பார்கள் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தான் இறங்கப் போவதில்லை, அத்தா இறங்கப் போவதில்லை. அப்படியானால் வேறு யாரோ. அந்த வேறு யாரோ இப்போது துண்டைக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

அவளுக்குத் தன் மேலேயே ஒரு குமட்டல் வந்தது.

"அண்ணே, நீங்க எறங்காதீங்க," என்றாள் நாகராசுவிடம்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் எறங்கலைன்னா வேற ஆளு வருவான். இதவிட மோசமானதுல எல்லாம் எறங்கியிருக்கேன்மா. ஒரு குவார்ட்டர் வாங்கித் தரச் சொல்லியிருக்கேன், அதான் ஒக்காந்திருக்கேன்."

"செத்துப் போயிருவீங்கண்ணே."

"சொல்றதுதான் சொல்றீங்க, அந்தத் துணிய எடுத்துட்டுச் சொல்லுங்க. என்ன சொல்றீங்கன்னே வெளங்கல."

சாமியா கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தாள். நாற்றம் தொண்டைவரை இறங்கியது. அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். உள்ளே காற்று இல்லை, இரண்டாவது படியில் தலை சுற்றும், மூன்றாவதில் கை நழுவும், பிறகு கயிற்றால் இழுத்தாலும் பிரயோஜனம் இல்லை. நாகராசு கேட்டுக்கொண்டார். ஆனால் பக்கத்தில் இருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் அத்தாவுக்குப் போன் போட்டாள். "பெரிய சம்மட்டியும் உளியும் எடுத்துட்டு வாங்க. தொட்டிய ஒடைக்கணும்."

"எந்தத் தொட்டிய?"

"நம்ம தொட்டியத்தான்."

தொட்டிக்குப் பின்னால், காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம், கிராவல் எடுத்த பழைய பள்ளம் ஒன்று இருந்தது. அதைத் தாண்டித் தைலமரக் காடு. சுவரில் நாலு கல்லைப் பெயர்த்து வழி விட்டு, தொட்டியின் அடிச்சுவரில் ஓட்டை போட்டால் எல்லாம் பள்ளத்துக்குள் ஓடிவிடும். சேரன் முதலில் முடியாது என்றார். ஆச்சியைக் கேட்க வேண்டும் என்றார். ஆச்சியின் போன் எடுபடவில்லை. ரிசப்ஷன் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில், "என்னமோ பண்ணுங்க, ஆனா உங்க பொறுப்பு," என்று இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்.

காஜா மைதீன் லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் காம்பவுண்டு சுவரைப் பெயர்த்தார். கட்டர் மெஷினும் கொண்டுவந்திருந்தார். சாமியா வேண்டாம் என்றுவிட்டாள். உள்ளே எரியும் வாயுவும் சேர்ந்திருக்கும், ஒரு பொறி போதும். மூடியை முழுக்கத் திறந்துவிட்டு, உளி விழும் இடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அடிக்க வேண்டும் என்றாள்.

அவர் அடித்தார். சம்மட்டி பந்து போலத் திரும்பி வந்தது. மறுபடி அடித்தார். சுவரில் நட்சத்திரம் போல விரிசல்கள் ஓடின, ஒரு சில்லுகூட விழவில்லை. சிமென்ட் நொறுங்கிய இடத்திலும் இழைகள் கொத்தாக நின்று இழுத்துப் பிடித்தன.

"நல்லா வாத்திருக்கே சனியனே, ஒடைய மாட்டேங்குது," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு.

சாமியா சம்மட்டியை வாங்கினாள். அடிக்கும் ஒவ்வொரு தடவையும் மேலிருந்து புழுக்கள் உதிர்ந்து தோளிலும் தலைத்துணியிலும் விழுந்தன. கழுத்துக்குள் ஒன்று நெளிந்தது. அதை எடுக்கக் கை போகவில்லை. தொடுவதற்கே கூசியது. தான் ராத்திரி பகலாகச் சோதித்து, உடையாது என்று எல்லோரிடமும் பெருமை பேசிய சுவர், உடைய மறுத்து எதிரில் நின்றது. கை சோர்ந்து சம்மட்டி நழுவியபோது, பின்னாலிருந்து ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டது. நாகராசு.

"தள்ளுங்க. தண்ணி மட்டும் ஊத்துங்க."

அவரும் காஜா மைதீனும் மாற்றி மாற்றி அடித்தார்கள். வெகு நேரத்துக்குப் பிறகு உளி உள்ளே இறங்கியது. முதலில் கறுப்புத் தண்ணீர் நூலாகப் பீய்ச்சியது. சாமியா சமையல்கட்டிலிருந்து வாங்கிய அரிவாளால் இழைகளை அறுத்தாள். இன்னும் ஓர் அடி. ஒரு ஆள் தலை அளவுக்குச் சுவர் பிய்ந்து தொங்கியது, அதோடு உள்ளே இருந்தது மொத்தமும் வெளியே பாய்ந்தது.

அவளால் விலக முடியவில்லை. இடுப்புவரை வந்து மோதியது. வெதுவெதுப்பாக இருந்தது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது. உயிருள்ள எதுவோ கட்டிப்பிடித்தது போன்ற சூடு. வழுக்கும் இலைகள், எலும்பு, ஊறி உப்பிய சோறு, டயப்பர்கள். பழைய கல்யாணங்களில் கொடுத்த தாம்பூலப் பைகள் ஒன்றன்பின் ஒன்றாக வழிந்து வந்தன. ஒவ்வொன்றிலும் மாப்பிள்ளையும் பெண்ணும் கைகூப்பிச் சிரித்தார்கள், மேலே புழு ஊர்ந்தது. பூனை கடைசியாக வந்து அவள் காலருகே தட்டி நின்றது.

பெரும்பகுதி பள்ளத்துக்குள் ஓடியது. மீதி சமையல்கட்டு வாசல்வரை பரவியது. சமையல்காரர்கள் அண்டாக்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சத்தம் கேட்டு வந்தவர்கள் பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனில் படம் எடுத்தார்கள். "என்ன கருமம்டா இது," என்றார் ஒருவர். அவர்கள் ஊர்க் கல்யாணங்களில் அவர்கள் தின்று மிச்சம் வைத்ததுதான் அது.

அப்போதுதான் தனலட்சுமி ஆச்சியின் கார் வந்தது. வைரத்தோடு, வெள்ளைப் பட்டு, அமைதியான முகம். சமையல்கட்டுப் படியில் நின்று பார்த்தார். சேரன் ஓடிப்போய் நடந்ததை எல்லாம் சொன்னார். ஆச்சி கடைசிவரை கேட்டுவிட்டு, அவரைக் கோபித்துக்கொள்ளாமல், மெல்லிய குரலில் சொன்னார்:

"நல்ல காரியம் நடக்கிற எடத்துல இப்படி ரசாபாசம் பண்ணணுமாப்பா? அந்த ஆள சத்தமில்லாம எறக்கிவிட்டிருந்தா முடிஞ்சிருக்கும்ல?"

நாகராசு பத்தடி தூரத்தில்தான் நின்றார். சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாமியா சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மத்தியானம் தின்றது, காலையில் தின்றது எல்லாம் வெளியே வந்தது. வர எதுவும் இல்லாமல் போன பிறகும் வயிறு இழுத்து இழுத்துப் பிடித்தது. காஜா மைதீன் அவள் தலைத்துணியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஆச்சி," என்றாள் நிமிர்ந்து. வாயைத் துடைத்துக்கொள்ளவில்லை. "அவரு பேரு நாகராசு. எறங்கியிருந்தா இந்நேரம் இந்தப் பூனைக்குப் பக்கத்துல கெடந்திருப்பாரு. அப்ப ஒங்க நல்ல காரியத்த எங்க வச்சு நடத்தியிருப்பீங்க?"

ஆச்சியின் முகம் சிவந்தது. "பெரிய பேச்செல்லாம் எதுக்கும்மா? சீக்கிரம் கழுவிவிடச் சொல்லுங்க," என்று உள்ளே போய்விட்டார்.

கழுவிவிட்டார்கள். சாம்பிராணி போட்டார்கள், டைனிங் ஹாலின் பின்ஜன்னல்களைத் தார்ப்பாயால் மறைத்தார்கள். ரிசப்ஷன் நடந்தது. வெளிக் குழாயடியில் சாமியா உடையோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, உள்ளே முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது. தார்ப்பாயின் இடுக்கு வழியே இலையில் பாயசம் ஊற்றுவதும், ஒருவர் அதை வழித்து நக்குவதும் தெரிந்தன. அவள் திரும்பி நின்றுகொண்டாள்.

சீயக்காய், சோப்பு, எலுமிச்சை எதற்கும் அந்த நாற்றம் தலைமுடியை விட்டுப் போகவில்லை. போய்விட்டது என்று அத்தா சொன்ன பிறகும் அவளுக்கு அடித்தது. ரசம் சாதத்தைப் பார்த்தாலே எழுந்துவிடுவாள். மகாலிலிருந்து, தொட்டி சரியில்லாமல் தானாக வெடித்துவிட்டது என்று செய்தி பரவியது. வார்த்துத் தரச் சொல்லியிருந்த இரண்டு மண்டபக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நாளில் சேரனே ஆள் அனுப்பி, ஓட்டையை அடைத்துத் தர முடியுமா என்று கேட்டார். சாமியா முடியாது என்றாள். இப்போது ஓட்டை பின்சுவர்ப் பக்கம் மறைந்திருக்க, முன்பக்கம் மயில் வரைந்து, அதன் முன்னால் மணமக்களை நிறுத்திப் போட்டோ எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாள்.

அவள் வேறு மாதிரி வார்க்கத் தொடங்கினாள். மூடி கிடையாது, ஆழம் கிடையாது. இடுப்பு உயரத்தில் நீளமான தொட்டி, மேலே கூரை, ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கழற்றி மாட்டும் பலகைகள். குப்பை எல்லோர் கண்ணிலும் படும். கெட்டுப்போனால் அன்றைக்கே நாறும். வெளியே நின்றுகொண்டே மண்வெட்டியால் இழுத்துவிடலாம். இதை யார் வாங்குவார்கள் என்று அத்தா கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை. எருவைத் தொட இன்னும் கை கூசியது. தொட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் போன அத்தா திரும்பாத நேரம். சாமியா சாப்பிட உட்கார்ந்திருந்தாள். பட்டறை வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. நாகராசு. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"பைபாஸ்ல ஒரு ஓட்டல்மா. பின்னாடி கழிவுத் தொட்டி ரொம்பிக் கெடக்கு. என்னைய எறங்கச் சொன்னாங்க. சைடுல ஓட்டை போட்டு எடுங்க, ஆளு எறங்கக் கூடாதுன்னேன். சிரிக்கிறாங்க."

"வந்துட்டீங்கள்ல? நல்லதுண்ணே."

"நான் வந்துட்டேன். அங்கிட்டு வேற ஒருத்தனக் கூப்பிட்டு விட்டிருக்காங்க. சின்ன வயசு, புதுக் கல்யாணம். அவனுக்கு நான் சொன்னா ஏறாது. நீங்க வந்து சொல்லுங்க. ஒடைக்கணும்னா ஒடைப்போம்."

அவள் தட்டைப் பார்த்தாள். கையைக் கழுவிவிட்டுச் சம்மட்டியைத் தேடி எடுத்து ஸ்கூட்டரின் முன்னால் சாய்த்து வைத்தாள். நாகராசு பைக்கில் முன்னால் போக, அவள் பின்தொடர்ந்தாள். தைலமரக் காட்டைத் தாண்டிச் சாலை வளைந்தது. ஓட்டல் கண்ணில் படுவதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது.

அவள் வேகத்தைக் கூட்டினாள்.